பில்லில் இருப்பதெல்லாம் புக்கில் இருக்கிறதா?

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு, அந்தக் குடும்பத்தின் முதல் கார் தன் ஓட்டத்தைத் தொடங்கியது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிற அம்மன். கண் நோய் தீர வேண்டிக்கொண்டு, கண்மலர் வாங்கிச் செலுத்துகிறவர்கள் அங்கே அதிகம். அந்த வீட்டு அம்மாவுக்கும் கண்ணில்தான் கோளாறு. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் வர, பஸ்ஸுக்கு நின்று நின்று அவர் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் மகன் லோன் போட்டு கார் வாங்கினார்.

மகன், சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன். அவர் மனைவியின் தம்பி, சாத்தூரில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். பூஜை முடிந்ததும் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவர், ``அத்தான்... இனி இந்த வண்டிக்கு நான்தான் டாக்டர்’’ என்றார் சிரித்துக்கொண்டே. அத்தானும் சிரித்தார். ஆனால், `சரி மாப்ள’ என்று சொல்லவில்லை.

அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். எத்தனை ரூபாய் ஆனாலும் ஷோரூம் சர்வீஸ்தான். அவருடைய வேலை அப்படி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்றால் கூடாதுதான். `இன்னிக்கு ஒரு நாள்தானே’ என்று ஐந்தாவது ஆளை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய ஊர் இல்லை அது. `விதியில என்ன இருக்கோ, அதைச் செஞ்சிரணும்’ என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். காருக்கும் அதையே கடைப்பிடித்தார்.

முதல் மூன்று சர்வீஸ் `ஃப்ரீ’ என்றார்கள். வேலைக்கூலிதான் ஃப்ரீ, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு என்பது பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் பரவாயில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் பில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அவர் எதுவும் கேட்காமல் பணத்தைக் கட்டி, பில்லை பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டில் வேறொன்றும் வளர்ந்தது. பொங்கல், தீபாவளி என்று வருகிற தம்பி, வாசலில் நிற்கிற காரைத் தொடுவதே இல்லை. டயரில் காற்று குறைவாக இருந்தால்கூட, ``ஷோரூம்ல சொல்லிருங்கத்தான்’’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அக்காவுக்கு அது உறுத்தியது. ``ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் அவன்கிட்ட வண்டியை விடுறாக. நாம மட்டும் அவனை நம்பாத மாதிரி ஆயிருச்சே’’ என்பார். கணவரிடம் பதில் இருக்காது.

40,000 கிலோமீட்டர் சர்வீஸ், தீபாவளி முடிந்த நவம்பர் மாதத்தில் வந்தது. காரை விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். பட்டாசுத் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. சர்வீஸ் அட்வைசர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மனைவியின் நம்பருக்கு அழைத்தார். ``மேடம், இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி-க்கு கிருமிநீக்கம், அடிப்பக்கத்துக்கு ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங்... எல்லாம் பண்ணிட்டா வண்டிக்கு நல்லது. பண்ணிரலாமா?’’

``நல்லதுன்னா பண்ணிருங்க’’ என்றார் அவர். அத்தையை அழைத்துப் போகிற வண்டி. வேறென்ன சொல்வது?

சாயங்காலம் பில் வந்தது, 17,860 ரூபாய். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மறுநாள் மனைவிதான் சொன்னார். ``சண்டை போட்டு என்ன ஆகப்போகுது? ஃபைலை எடுங்க. தம்பிகிட்ட ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வருவோம்.’’

தம்பி, பில்லைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது, ``வண்டியோட புக் எங்கத்தான்?’’

காரோடு கொடுத்த கையேடு. டேஷ்போர்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அதில் பராமரிப்பு அட்டவணை இருக்கிற பக்கத்தைத் திருப்பி, எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் மட்டும் போதும் என்பதை பில்லோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் இதற்கெல்லாம் டிக். நான்கு வரிகளுக்கு அடியில் மட்டும் கோடு போட்டார். இன்ஜின் ஃப்ளஷ் 1,150. த்ராட்டில் பாடி 1,400. ஏ.சி கிருமிநீக்கம் 1,270. கோட்டிங் 3,100. மொத்தம் 6,920 ரூபாய்.

``இதெல்லாம் ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன்த்தான். இன்ஜின் திணறுனா த்ராட்டில் பாடியைக் கழுவத்தான் வேணும். ஏ.சி-யில நாத்தம் வந்தா கிருமிநீக்கம் பண்ணலாம். ஆனா, உங்க வண்டியில திணறலும் இல்ல, நாத்தமும் இல்ல. இந்த நாலும் புக்கிலயும் இல்ல. மத்த 10,940 ரூபாய்க்கு நடந்தது எல்லாம் நடக்க வேண்டிய வேலைதான்.’’

அத்தானுக்கு அந்த நிமிடத்தில்தான் ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் விதிப்படி நடப்பதாக நினைத்திருந்தார். ஆனால், அவர் கேட்டு நடந்தது விதியை அல்ல, போனில் பேசியவரின் யோசனையை. விதி, டேஷ்போர்டுக்குள் பிரிக்காமல் கிடந்திருக்கிறது.

``அப்ப அடுத்த சர்வீஸை உன்கிட்டயே விட்டுரவா மாப்ள?’’ என்று கேட்டார். மூன்று வருடமாகச் சொல்லாத வார்த்தை. மனைவி, தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

``இப்ப வேண்டாம்த்தான்’’ என்றார் தம்பி. ``வாரன்ட்டி இன்னும் எட்டு மாசம் இருக்கு. அது முடியுற வரைக்கும் அங்கேயே விடுங்க. நாளைக்கு இன்ஜின்ல, கியர்பாக்ஸ்ல ஏதாச்சும்னா, `வெளியில விட்டிருக்கீங்க’ன்னு ஒரு வார்த்தை வந்துரக் கூடாது. அதோட, ஏர்பேக் லைட், ஏ.பி.எஸ் லைட்டு எரிஞ்சா, அதைப் படிக்கிற கம்பெனி ஸ்கேனர் என்கிட்ட இல்ல. என்கிட்ட இருக்கிறது சாதா ஸ்கேனர். இல்லாததை இருக்குன்னு சொல்லி உங்க வண்டியில கை வைக்க மாட்டேன்.’’

சாத்தூர் ஒர்க்‌ஷாப்பில் அந்த ஸ்கேனர் ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. கார் கம்பெனிகள் ஒரிஜினல் உதிரிபாகங்களையும், பழுதைக் கண்டறியும் கருவிகளையும் தங்கள் டீலர்களைத் தாண்டி வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன என்று 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். மூன்று கம்பெனிகள் மீதான புகாராகத் தொடங்கி, விசாரணை பல கம்பெனிகளுக்கு விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி, 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். உதிரிபாகங்களும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றது.

வாரன்ட்டி பற்றியும் அந்த உத்தரவு பேசியது. வெளியே சர்வீஸ் செய்தார் என்கிற ஒரே காரணத்துக்காக, ஒட்டுமொத்த வாரன்ட்டியும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் பழுது வந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. அமெரிக்காவில் 1975-லேயே இதுபோன்ற பாதுகாப்பு சட்டமாகிவிட்டது. இங்கே கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவு காகிதத்தில் இருக்க, சாத்தூர் மெக்கானிக் இன்னமும் `என்கிட்ட அது இல்லத்தான்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, ஷோரூமுக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் வீண் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காசில் கருவி இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார், நாளைக்குத் தகராறு என்றால் காட்டுவதற்கு கம்ப்யூட்டர் பதிவு இருக்கிறது. வண்டியை விற்கும்போது அந்தப் பதிவுக்கு ஒரு மதிப்பும் இருக்கிறது. கம்பெனியே குறையை ஒப்புக்கொண்டு ரீகால் செய்தால், அந்த வேலையை இலவசமாகச் செய்ய வேண்டியதும் ஷோரூம்தான். இவ்வளவுக்கும் கொடுத்தது 10,940. கேள்வி கேட்காமல் இருந்ததற்குக் கொடுத்தது 6,920.

அன்று சாத்தூர் ஒர்க்‌ஷாப்பில் டீ குடித்தபடியே மூன்று பேரும் ஒரு கணக்குக்கு வந்தார்கள். வாரன்ட்டி இருக்கும்வரை ஷோரூம்; ஆனால், புக்கைக் கையில் வைத்துக்கொண்டு. காரை விடும்போதே ஜாப் கார்டில், `சொல்லாமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. கழற்றிய பழைய ஃபில்டரைத் திருப்பிக் கேட்டு வாங்குவது. வாரன்ட்டி முடிந்த பிறகு ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு, சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் தம்பியிடம். ஏர்பேக், ஏ.பி.எஸ், சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டது மட்டும் ஷோரூமில்.

கிளம்பும்போது தம்பி ஒன்று சொன்னார். ``நாளைக்கு என்கிட்ட வந்தாலும் பில் கேளுங்கத்தான். என்ன பார்ட் போட்டேன், என்ன விலைன்னு எழுதித் தாரேன். மாப்ளதானேன்னு விட்டுராதீங்க. மாப்ளங்கிறதுக்காகச் சும்மா விட்டீங்கன்னா, நாளைக்கு ஏதாச்சும் கோளாறுன்னா வண்டியும் கெட்டுப்போகும், உறவும் கெட்டுப்போகும்.’’

எட்டு மாதம் ஓடிப்போனது. ஆனியோடு வாரன்ட்டி முடிந்தது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கிளம்பினார்கள். தென்மாவட்டமே திரண்டு வருகிற கூட்டம். முன் சீட்டில் அம்மா, மடியில் கண்மலர். சாத்தூரில் தம்பியையும் ஏற்றிக்கொள்ள நிறுத்தினார்கள்.

அவர் ஏறவில்லை. முன்பக்கமாக வந்து, கண்ணாடி வழியாக அத்தானைப் பார்த்தார். அத்தான் கீழே குனிந்து லீவரை இழுத்துவிட்டார். மூன்று வருடத்துக்குப் பிறகு தம்பி அந்தக் காரின் பானெட்டைத் தூக்கி, ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

``ஆயில் நல்லாத்தான் இருக்கு. அடுத்த மாசம் 50,000 வருது. வெள்ளிக்கிழமை வேண்டாம், புதன்கிழமை கொண்டாந்து விடுங்க’’ என்றார்.

``சரி மாப்ள’’ என்றார் அத்தான்.