குறைக்கடத்தியும் ஹன்தோதாயும்

ஜப்பானில் 'சயன்ஸ் டயலாக்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் 2004-இல் தொடங்கியது. (ஜே.எஸ்.பி.எஸ். என்றால்தான் நம் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புரியும்.) அதன் உதவித்தொகையில் வெளிநாட்டிலிருந்து வந்து ஆய்வு செய்யும் இளைஞர்கள், அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்த் தங்கள் ஆய்வைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவார்கள். கட்டாயம் கிடையாது, விருப்பமிருந்தால் போகலாம்.

2017-இல் மகள் வீட்டுக்கு நாகோயா போயிருந்தபோது மாப்பிள்ளைக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. பக்கத்தில் கிஃபு மாவட்டத்தில் ஒரு பள்ளி. முப்பது வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவனைச் சும்மா வீட்டில் விட்டுப் போக முடியுமா? பள்ளியில் சொல்லி எனக்கும் அனுமதி வாங்கிவிட்டார்.

பேச்சுக்கு இரண்டு வாரம் முன்பே கடினமான சொற்களின் பட்டியலை அனுப்பச் சொன்னார்கள். அங்குள்ள ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜப்பானியச் சொல்லை எழுதி மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார். குறைக்கடத்திக்கு அவர்கள் சொல் 'ஹன்தோதாய்'. 'ஹன்' என்றால் பாதி, 'தோதாய்' என்றால் கடத்தும் பொருள். நாமும் அப்படித்தானே செய்தோம்! என்ன, அவர்கள் அந்தச் சொல்லைக் கல்லூரியிலும் விடவில்லை. நாம் பன்னிரண்டாம் வகுப்போடு மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். 2008-இல் நோபல் பரிசு பெற்ற மஸ்காவா நாகோயாக்காரர். ஸ்டாக்ஹோமில் தன் நோபல் உரையையே ஜப்பானிய மொழியில்தான் நிகழ்த்தினார்.

வாசலில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். நாற்பது பிள்ளைகள். ஒருவன் குரல் கொடுக்க, எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கி உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளையின் ஆய்வு காலியம் நைட்ரைடு படிகங்களில். நீல எல்.இ.டி. விளக்கின் உயிரே அதுதான். சிவப்பும் பச்சையும் எப்போதோ வந்துவிட்டன, பிரகாசமான நீலம் மட்டும் பல வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. அதே நாகோயாவில் அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் நல்ல படிகம் வளர்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் உலை வழக்கமான சூட்டை எட்டவில்லை. அந்தக் குறைந்த சூட்டில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய படலமாகப் படியவைத்து, அதன்மேல் வளர்த்துப் பார்த்தார் அமானோ. கண்ணாடி மாதிரி தெளிவான படிகம் வந்தது. 1986-இல் அதை வெளியிட்டார்கள். 2014-இல் நகாமுராவோடு சேர்த்து மூவருக்கும் நோபல்.

நான் சொன்ன யோசனைப்படி ஒரு பழைய சி.டி.யும் கொண்டு போயிருந்தோம். செல்போன் விளக்கை அதில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளை ஒளி பிரியும். அதில் நீலம் தூக்கலாகத் தெரியும். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல விளக்கின்மேல் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசியதுதானே. பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்தார்கள். எந்த நாட்டுப் பிள்ளையானால் என்ன!

ஆனால் "கேள்வி உண்டா?" என்றதும் ஒரே நிசப்தம். எனக்குப் பழகிய நிசப்தம்தான். எங்கள் தமிழ்வழி வகுப்பில் வெளியாள் ஒருவர் வந்து ஆங்கிலத்தில் பேசினால் இதே மாதிரிதான் உறைந்து போவார்கள். அங்குள்ள ஆசிரியர் கெட்டிக்காரர். "பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிஷம் ஜப்பானிய மொழியில் பேசிக்கொள்ளுங்கள்" என்றார். அறையே கலகலத்துவிட்டது. அதற்குப் பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். மொழிபெயர்க்க ஆசிரியர் கொஞ்சம் தயங்கினார். "உங்கள் உதவித்தொகை இரண்டு வருஷம்தான் என்றீர்களே, அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்கிறாள்."

மாப்பிள்ளை சிரித்தார். "தெரியாது. ஆறு மாசம்தான் பாக்கி இருக்கிறது. எட்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், ஒன்றும் வரவில்லை."

எனக்கு அப்போதுதான் தெரியும். வீட்டில் மகளும் சொல்லவில்லை. பேத்தியை அடுத்த வருஷம் எந்த ஊரில் பள்ளியில் சேர்ப்பது என்று நான் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் விடவில்லை. "அப்படியானால் ஏன் இதையே செய்கிறீர்கள்?"

மாப்பிள்ளை சற்று யோசித்தார். "ராத்திரி உலையை அணைத்துவிட்டு வருவேன். காலையில் திறக்கும்போது உள்ளே என்ன வளர்ந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான்."

அவள் அதைச் சொற்பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது போதுமான பதிலா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் போதவில்லை. பெண்ணைப் பெற்றவனாயிற்றே.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "மாப்பிள்ளை, எட்டு இடமா போட்டிருக்கீங்க?"

"பதினொண்ணு மாமா. பிள்ளைங்க பயந்துடக் கூடாதுன்னு குறைச்சுச் சொன்னேன்."