நாலு கிலோ விசை

அப்பா விட்டுப்போன துவக்கு 12 போர் ஒற்றைக்குழல். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றபின் வெலிமடைப் பக்கம் அரை ஏக்கர் காணி வாங்கி உருளைக்கிழங்கு போட்டார். பன்றிக்காகத்தான் பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு. இப்போது அனுமதிப்பத்திரம் என் பெயரில்.

போன போகத்தில் ஒரே ராத்திரியில் ஆறு வரிசையைப் பன்றி கிளறிப்போட்டது. இரண்டு வெடி வைத்தேன், இரண்டும் தப்பின. விசை கனமாக இருப்பதால்தான் குழல் அசைகிறது என்று எனக்குப் பட்டது. பதுளையில் துவக்குத் திருத்தும் பெரியவரிடம் கொண்டுபோனேன்.

"லேசாக்கலாம் தம்பி. மொதல்ல நிறுத்துப் பாப்பமே" என்றார்.

துவக்கை முறித்து இரண்டு தடவை பார்த்தார். சுட்ட தோட்டாக்கூடு ஒன்றைச் செருகி, குதிரையை ஏற்றி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வில்தராசின் கொக்கியை விசையில் மாட்டி இழுத்தார். முள் நாலு கிலோவைத் தொட்டதும் குதிரை விழுந்தது. நல்ல துவக்குக்கு இரண்டு, இரண்டரை கிலோ போதும் என்றார். பிறகு உள்ளே திறந்து காட்டினார். குதிரையின் அடியில் ஒரு சின்ன வெட்டு. விசையின் மூக்கு அதைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. லேசாக்க வேண்டுமானால் அந்தக் கவ்வலை அரத்தால் குறைக்க வேண்டும். கூடக் குறைந்துவிட்டால் துவக்கு கீழே விழுந்தாலே வெடிக்கும். பனியில் நனைந்த சரிவில் வழுக்கி விழாத ஆள் எங்கள் பக்கம் யார் இருக்கிறார்?

ரைபிளாக இருந்தால் கதை வேறு. ஒரே குண்டு; இழுப்பில் குழல் மயிரிழை ஆடினாலும் 100 யாரில் குறி போய்விடும். சர்வதேசப் போட்டிகளில் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு 500 கிராம் விசை இருந்தாலே ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கே எதிரில் நிற்பது காகித வட்டம். என் காணிக்குக் கீழே தேயிலை மலை, அதை ஊடறுத்து லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. விடியுமுன் பீலிக்குத் தண்ணிக்குப் போகும் பெண்கள் அந்தப் பாதையில்தான் வருவார்கள். டோர்ச் வெளிச்சத்தில் செடி அசைந்தால் அது பன்றியா ஆளா என்று கண் முடிவு செய்ய ஒரு கணம் வேண்டும். விரல் அந்தக் கணத்தைக் கொடுக்க வேண்டும்.

திரும்பும் வழியில் சென் மார்க் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டியது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர்; 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய துவக்கின் விசை எத்தனை றாத்தல் இருந்திருக்கும் என்று நினைத்தேன். யானையின் எண்ணிக்கையைவிட, அத்தனை தடவை மடங்கிய அந்த விரல்தான் மனசைவிட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் காலை, பன்றி நின்ற இடத்தையும் நான் நின்ற இடத்தையும் எட்டு வைத்து அளந்தேன். 60 எட்டுக்கு மேல். அவ்வளவு தூரத்தில் சன்னம் சிதறி வலுவிழந்து போயிருக்கும். பன்றியைக் கிட்ட வரவிடாமல் அவசரப்பட்டுச் சுட்டிருக்கிறேன். விசை என்ன செய்யும்?

பெரியவரிடம் மறுபடி போய் அரம் வேண்டாம், சுத்தம் மட்டும் செய்து தாருங்கள் என்றேன். அப்பா காலத்துத் தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. அதை வழித்துத் துடைத்தார். கரகரப்புப் போய்விட்டது. தராசில் இப்போது மூன்றரை.

காணியில் மேல்பக்க மண்திட்டு இருக்கிறது; வெடி போனாலும் அதில்தான் புதையும். அதற்கு முன்னால், நான் உட்காரும் இடத்திலிருந்து 25 எட்டில் ஒரு கம்பை நட்டுச் சுண்ணாம்பு பூசியிருக்கிறேன். பன்றி அந்தக் கம்பைத் தாண்டி உள்ளே வரும்வரை குதிரையை ஏற்றுவதில்லை.