கச்சான் காற்றும் ஓ.டி. பட்டனும்

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடிவரை ஈ.சி.ஆரில் போனால் பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் படகு டிரெய்லர் இழுக்கும்போது ஓவர்டிரைவை அணைப்பதெல்லாம் மலைப்பக்கத்துக்காரர்கள் கவலை, நமக்கு எதற்கு என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். ஆடி மாதத்தில் ஏர்வாடி தாண்டி மேற்கே டிரெய்லரோடு ஒருமுறை போய்வந்தவர் அப்படிப் பேசமாட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வயதாகிவிட்டது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று படகு இழுக்கும் வண்டியின் சாவியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்து ஓட்டப்போகிற தம்பியிடம் நாலு விஷயம் சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், “காக்கா, ஆட்டோமேட்டிக்ல சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு? டி-ல போட்டு கால வச்சா அதுவா போகுது” என்றான். பையன் நல்ல பையன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் சார்ஜாவிலும் கீழக்கரையிலுமாக நான் கற்றதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. படகுக்காரர்களும் அதையேதான் நினைக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது, இனி இழுவைக்கென்று தனியாக ஆள் எதற்கு?

காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் தென்மேற்கிலிருந்து கிளம்பும் கச்சான் புரட்டாசிவரை விடாது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடிப் பாதை மேற்கும் தெற்குமாகப் போகிறது. காற்று நேர் எதிரே. அறுபதில் போகிறீர்கள், எதிரே நாற்பதில் காற்று அடிக்கிறது என்றால் வண்டி முட்டித் தள்ளுவது நூறு கிலோமீட்டர் காற்றை. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அமைதியான நாளில் அதே அறுபதில் போவதைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு. பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஃபைபர் படகு, அதன் முதுகில் கவிழ்த்த அவுட்போர்டு மோட்டார். மலை ஏற்றத்துக்காவது உச்சி என்று ஒன்று உண்டு, ஏறி முடித்தால் இறக்கம் வரும். சாயல்குடியில் தொடங்கும் கச்சானுக்கு வேம்பார் தாண்டியும் உச்சி வராது.

இந்த மாதிரி இழுவையில் கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் உஸ்தாத். பெஷாவர்க்காரர். சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். சபர் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் கடையில் நின்றார்கள், நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அரபிகள் படகை டிரெய்லரில் கட்டிக்கொண்டு தைத், மசாஃபி வழியாக மலையைத் தாண்டி கோர்ஃபக்கான் கடலுக்குப் போவார்கள். சனிக்கிழமை எங்கள் பட்டறை வாசலில் வெந்துபோன கியர்பாக்ஸ்கள் வரிசையில் நிற்கும். பெரும்பாலும் ஜி.எம்.சி., லேண்ட் குரூஸர். எல்லாம் நாலு கியர் காலத்து வண்டிகள். மூன்றாவது நேர் கியர், இஞ்சினின் சுற்றே வெளியே போகும். நாலாவது ஓவர்டிரைவ், அதில் இஞ்சின் சுற்றைவிட வெளியே போகும் சுற்று அதிகம். ஜி.எம்.சி.யின் 4எல்60-இ பெட்டியில் அந்த நாலாவதின் விகிதம் 0.70. லேண்ட் குரூஸரில் லீவர் பக்கவாட்டிலேயே பட்டன் உண்டு, அழுத்தினால் டேஷ்போர்டில் ‘ஓ/டி ஆஃப்’ என்று மஞ்சள் விளக்கு எரியும். ஜி.எம்.சி.யில் பட்டன் இல்லை, லீவரை ஒரு படி கீழே இறக்க வேண்டும். லேண்ட் குரூஸரின் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் வண்டியில் ஏதோ பழுது என்று நினைத்து அணைக்கச் சொல்லி வந்தவர்கள்கூட உண்டு.

உஸ்தாத் எனக்கு ஸ்பேனர் தருவதற்கு முன்பே காதுக்கு வேலை தந்தார். ரிப்பேர் முடிந்த வண்டியில் டிரெய்லரைக் கட்டி மசாஃபிப் பக்கம் ஓட்டிப் பார்க்கும்போது என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைப்பார். ஆர்.பி.எம். முள்ளின் மேல் ஒரு துணியைப் போட்டு மறைத்துவிடுவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, இதை யாரும் சொல்லிவிடலாம். நாலாவது விழுந்தபிறகு இன்னும் ஒருமுறை இஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும். அதை அஞ்சாவது கியர் என்று நினைக்கிற மெக்கானிக்குகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அது டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப்: எண்ணெய் வழியாக வழுக்கிச் சுற்றுவதை நிறுத்தி இஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது. இருநூறு, முன்னூறு ஆர்.பி.எம். விழுந்தால் லாக்-அப், எண்ணூறு, ஆயிரம் விழுந்தால் கியர். முள் தெரிந்தால் இதைச் சொல்வது சுலபம். துணி மூடியிருக்கும்போது, ஏ.சி. முழுசாக இரைந்துகொண்டிருக்கும்போது, டிரெய்லர் சங்கிலி தடதடவென்று அடிக்கும்போது சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிபட ஒரு கோடை முழுக்க ஆயிற்று. தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார். அதே ஏற்றத்தின் அடிக்குத் திருப்பிக் கொண்டுபோய் மறுபடி ஏற்றுவார்.

அவர் ஏன் இதை இவ்வளவு பிடித்துக்கொண்டார் என்பது பின்னால் புரிந்தது. பாரத்தோடு ஓவர்டிரைவில் போகிற வண்டி கொஞ்சம் திணறினால் முதலில் லாக்-அப் விடும். இன்னும் அழுத்தினால்தான் மூன்றாவதுக்கு இறங்கும். ஏறியதும் மறுபடி நாலு, மறுபடி லாக்-அப். இந்த ஏறி இறங்குதல் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும், வண்டியே உலுக்கிச் சொல்லிவிடும். ஆனால் நடுவில் ஒரு நிலை இருக்கிறது: ஓவர்டிரைவிலேயே இருக்கிறது, லாக்-அப் மட்டும் விட்டுவிட்டது, கால் பாதிக்கு மேல் அழுந்தியிருக்கிறது. உலுக்கல் கிடையாது. சத்தம் குறைவு. ஓட்டுகிறவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம். கன்வெர்ட்டருக்குள் எண்ணெயை எண்ணெய் அரைத்துக்கொண்டிருக்கும், வழுக்குகிற சக்தி முழுவதும் சூடாக ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கச்சானுக்கு எதிரே ஈ.சி.ஆரில் நம் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கிற நிலை இதுதான். மசாஃபி ஏற்றத்தில் சில நிமிஷம் இருந்து முடிந்துவிடும், இங்கே முடியாது.

ஆயில் எண்பது டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் சிவப்பாகப் பரவ வேண்டும். காப்பி நிறமும் கருகல் வாசனையும் வந்தால் கிளச் பிளேட் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அதைப் பார்க்கவும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இல்லை. ‘வண்டி ஆயுசு முழுக்க இந்த ஆயில் போதும்’ என்று விற்கிற இடத்தில் சொல்கிறார்கள். படகு இழுக்கிற வண்டிக்கும் அதையே சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பட்டனை அழுத்தினால் தம்பிகள் பதறுவது வேறொன்றுக்கு. ஓவர்டிரைவில் இரண்டாயிரத்தில் ஓடிய இஞ்சின் 0.70 பெட்டியில் மூன்றாவதுக்கு வந்தால் இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பதைத் தொடும். “இஞ்சின் கத்துது காக்கா” என்பார்கள். கத்தட்டும். தண்ணீர் பம்ப் வேகமாகச் சுற்றும், கியர்பாக்ஸ் ஆயில் பம்பும் சேர்ந்து வேகமெடுக்கும், கால் அழுத்தம் குறையும், லாக்-அப் பிடித்துக்கொள்ளும். அதே வேகம், ஆனால் சூடு இறங்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. 1988-இல் திறந்த அந்தப் பாலம் நடுவில் உயர்ந்து இறங்குவது. உச்சியில் கார்களை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுப்பவர்கள் எப்போதும் உண்டு. ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டும், இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். ஓவர்டிரைவில் இஞ்சின் பிடிப்பு ஏறத்தாழ இல்லை. மூன்றாவதில் இஞ்சினே பிடித்து நிறுத்தும்.

இப்போதைய ஆறு கியர் ஃபார்ச்சூனரில் பட்டன் இல்லை என்பதால் ஓவர்டிரைவே இல்லை என்கிறார்கள். நாலாவதுதான் நேர் கியர். அஞ்சு 0.687, ஆறு 0.58. இரண்டுமே ஓவர்டிரைவ்தான். எஸ் பக்கம் தள்ளி நாலில் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் நாலிலேயே நிற்கும் என்று அர்த்தமில்லை, அதற்கு மேல் போகாது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ‘எஸ்ல போட்டா பெட்டி போயிரும்’ என்று பயப்படுகிறார்கள். புதுப் பெட்டிகள் கீழ் கியர்களிலும் லாக்-அப் பிடிக்கும், சூடு குறைவு, உண்மை. ஆனாலும் பின்னால் இருபதடிப் படகு தொங்குவதும் எதிரே கச்சான் நிற்பதும் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்கூட்டித் தெரியாது. திணறியபிறகுதான் அது முழிக்கும். க்ரூஸ் கண்ட்ரோலும் போட்டுவிட்டால் கியரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருக்கும்.

எப்போதும் அணைத்தே ஓட்டு என்று நான் சொல்வதாகச் சிலர் பேசுகிறார்கள். உஸ்தாத்தும் அப்படிச் சொன்னதில்லை. தூத்துக்குடியிலிருந்து காலி டிரெய்லரோடு திரும்பும்போது கச்சான் முதுகில் தள்ளும். லாக்-அப் விடாமல் பிடித்திருக்கும். அப்போது ஓவர்டிரைவை அணைத்து ஓட்டினால் டீசலுக்குத்தான் கேடு. கிழக்கிலிருந்து கொண்டல் அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு அப்படியே திரும்பிவிடும்: போகும்போது போடலாம், வரும்போது பார்க்க வேண்டும். கிளம்பும் முன் கரையில் நிற்கும் கொடியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நம் மீன்பிடிக்காரர்கள் காற்றைக் கேட்காமல் படகைத் தள்ளுவதில்லை. அதே படகை இழுத்துக்கொண்டு ரோட்டில் போகிறவன் மட்டும் கேட்கமாட்டேன் என்கிறான்.

அந்தத் தம்பியை ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முள்ளின் மேல் துணி போடுவேன் என்றும் சொன்னேன். சிரித்தான், வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. முதலாளியிடம் வைகாசிக்குள் கியர்பாக்ஸுக்குத் தனிக் கூலர் ஒன்று மாட்டி, அதன் ஆயிலை மாற்றச் சொல்லி எழுதியே கொடுத்திருக்கிறேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பெட்டியை இறக்கிக் கட்டுவதற்கு ஆவதோடு சேர்த்து இரண்டு தொகையையும் தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.