சாரல் காலத்து ஆம்ப்ளி

ஆடி மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும். அதே வாரங்களில்தான் இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் அம்மன் கோயில் கொடை விழாவும். மைக் செட்காரர்கள் ஈரத்திலேயே பிழைப்பு நடத்தும் காலம் அது.

மேலகரம் பக்கத்துக் கொடை ஒன்றுக்குத் தென்காசி மைக் செட் அண்ணாச்சி ஒருவரோடு போயிருந்தேன். மரத்தில் கட்டிய குழாயில் மாலையிலிருந்தே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வில்லுப்பாட்டு மேடைக்கு வேறு ஆம்ப்ளி. வில்லுக்காரர்கள் வந்து சேரவே இல்லை. அதற்குள் அண்ணாச்சி அதை ஆன் செய்து ஓரமாக வைத்துவிட்டார்.

“வால்வு செட்டுக்குத்தானே அண்ணாச்சி சூடேறணும்? இது டிரான்சிஸ்டராச்சே?”

“போட்ட ஒடனே பாடும் தம்பி. ஆனா நெலைக்கு வர நேரமாகும்லா.”

அவர் சொன்னது சரி. வால்வுக்குள் இழை காய்ந்தால்தான் வேலையே தொடங்கும். டிரான்சிஸ்டருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆனால் ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. கைமாறும் இடத்தில் ஒலி சிதையாதிருக்க, சத்தமே இல்லாதபோதும் இரண்டிலும் சிறு மின்னோட்டம் ஓடவேண்டும். அதை பயாஸ் என்கிறார்கள். டிரான்சிஸ்டரில் ஒரு டிகிரி சூடு ஏறினால், அதே மின்னோட்டத்துக்கு வேண்டிய மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் சூடு மின்னோட்டத்தைக் கூட்டும், மின்னோட்டம் சூட்டைக் கூட்டும், கடைசியில் டிரான்சிஸ்டர் போய்விடும். அதனால் சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைக்கும் டையோடு ஒன்றை ஹீட் சிங்க்கில் ஒட்டவைக்கிறார்கள். சிக்கல் இங்கேதான். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சிலிக்கான் நொடியில் சூடாகும். கனத்த அலுமினிய ஹீட் சிங்க் சூடாக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். இரண்டும் ஒத்துவரும்வரை பயாஸ் அலைபாயும்.

அவருடைய கடையில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். எரிந்துபோன 2என்3055 டிரான்சிஸ்டர் ஒன்றைக் கழற்றி, மைக்கா தகட்டின் இரு பக்கமும் வெள்ளைப் பேஸ்ட் தடவி, புதியதை முடுக்கினார். பெட்டியை ஆன் செய்தார். பயாஸைத் திருத்தும் பிரீசெட்டை மட்டும் தொடவில்லை. மல்டிமீட்டரில் மில்லிவோல்ட் எண் மெல்ல நகர்ந்தபடி இருந்தது. அது நிற்கும்வரை மற்றொரு செட்டின் வயரைச் சீவிக்கொண்டிருந்துவிட்டுத்தான் திருப்புளியை எடுத்தார். அமெரிக்காவில் 1974-இல் வந்த விதி ஒன்று, ஆம்ப்ளியின் வாட்ஸை அளக்குமுன் மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் அதை ஓடவிடச் சொன்னது. சூடான பெட்டியைத்தான் அளக்கவேண்டும் என்பது அங்கே சட்டமாகவே இருந்தது.

நாள்கணக்கில் ஓடவிட்டால்தான் இசை திறக்கும் என்று சொல்லும் ரசிகர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. பயாஸ் நிலைத்த பிறகு பழகுவது பெரும்பாலும் நம் காதுதான்.

குற்றாலத்தில் பெட்டியை முன்கூட்டியே போட்டுவைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 25 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, பெட்டிக்குள் 30 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 71 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். தூசி படிந்த போர்டில் ஈரம் ஏறினால், மைக்கின் மெல்லிய சிக்னல் வரும் பாதையில் மின்சாரம் கசியும். இரைச்சல் வரும், வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். ஐந்தருவிப் பக்கம் நிகழ்ச்சி என்றால் அண்ணாச்சி பெட்டியை முந்தின ராத்திரியே கடைக்குள் ஓடவிட்டு, சூடு ஆறுமுன் தார்ப்பாயில் சுற்றி வண்டியில் ஏற்றுகிறார். குளிர்ந்த இரும்புப் பெட்டியில் ஈரம் வியர்வையாகப் பூக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

அவருடைய மகன் கிளாஸ்-டி ஆம்ப்ளி வாங்கியிருக்கிறார். அதில் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும். பயாஸுக்காகக் காத்திருக்கும் வேலை ஏறக்குறைய இல்லை. தை மாதக் கல்யாணங்களில் மேளக்காரர்கள் உட்கார்ந்த பிறகுதான் அவர் சுவிட்சைத் தட்டுகிறார். சாரல் தொடங்கிவிட்டால் மட்டும் மிக்ஸரையும் சேர்த்து ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுகிறார்.