வாயிற்காப்போன் பேசும் பாஷை

லினக்ஸ் கணினியில் உட்புகுமுன் நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்கும் திரையை அதன் வாயிற்காப்போன் எனலாம். அக்காப்போன் எந்தப் பாஷையிற் பேசுகின்றான் என்பது அற்ப விஷயமாகத் தோன்றக்கூடும். எங்கள் இல்லத்தில் அஃது அற்பமாயிருக்கவில்லை. என் பாட்டியார் தமிழன்றிப் பிறமொழி வாசிக்க அறியார். அவர் கணக்கிற்குத் தமிழையே குறித்திருந்தேன். உட்புகுந்துவிட்டால் தமிழே நிலவும். வாயிலிலோ ஆங்கிலம் நின்றது. கடவுச்சொல் பிழையென அது சொல்லும்போதெல்லாம், சொன்னது இன்னதென விளங்காமல், யான் மாலையில் வீடு திரும்புமளவும் அவர் காத்திருப்பார்.

இதற்கு நியாயமான காரணமுண்டு. 1991-இல் தோன்றிய லினக்ஸ், பலர் ஒரே கணினியை ஆளும் யூனிக்ஸ் மரபைப் பின்பற்றியது. க்னோம் முகப்பில் இத்திரையை நடத்தும் ஜிடிஎம் என்னும் நிரல் தனக்கென வேறு கணக்குடையது. வருபவர் இன்னாரென்றே அறியாத அந்நிரல் அவர் விரும்பும் பாஷையை எங்ஙனம் அறியும்? ஆதலின் கணினி முழுமைக்கும் பொதுவாகக் குறித்த மொழியையே அது பேசும். எம் கணினியிலுள்ள ஃபெடோராவில் அக்குறிப்பு ஈடிசி அடைவின் லோக்கேல்.கான்ஃப் கோப்பிலே, 'லாங்' என்ற பெயருக்கு எதிரே உள்ளது. இந்தியத் தமிழுக்கு 'டிஏ-ஐஎன்' என்றும், இலங்கைத் தமிழுக்கு 'டிஏ-எல்கே' என்றும் குறியீடுகள் உண்டு. தமிழ் மொழிப்பொதியை முன்னரே நிறுவுதல் வேண்டும். இன்றேல் குறியீட்டை எழுதியும் ஆங்கிலமே மீளும்.

செய்கை எளிது, செய்வதா என்பதே எனக்குக் கடினமாயிருந்தது. பொதுவாயிலுக்கு ஒரு பாஷைதானே உண்டு! என் அண்ணியார் தெலுங்கர். தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். அவரைக் கேட்டேன். "என் பெயரைத் தொட்டுக் கடவுச்சொல்லை இடுவதற்கு எழுத்து எதற்குத் தம்பி? பாட்டிக்கே ஆகட்டும்" என்றார். விசைப்பலகையை மட்டும் யான் தொடவில்லை. மொழிக்குறிப்பு வேறு, விசைக்குறிப்பு வேறு. கடவுச்சொல் இயல்பாகப் புள்ளிகளாகத் தோன்றுதலின், எவ்வெழுத்து விழுகின்றதென்று அங்கே எளிதிற் புலப்படாது.

மறுமுறை கணினியைத் தொடங்கியபோது வாயில் தமிழாயிற்று. மொழிபெயர்ப்பு முற்றுப்பெறாமையால் சிற்சில ஆங்கிலச் சொற்கள் எஞ்சியுள்ளன. பாட்டியார் அவற்றின் பொருளைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்துள்ளார்.