பிடி: சில குறிப்புகள்

கவிதையில் லயம் பற்றி ஒரு கட்டுரை கேட்டு நண்பர் எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். நான் எழுதியது எல்லாம் படித்ததிலிருந்து வந்தது; பட்டதிலிருந்து அல்ல. லயம் என்பது பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்ததெல்லாம், சேதராப்பட்டில் ஒரு சவுக்குக் கட்டைக் களத்தில் டிராக்டரில் மாட்டிய கிராப்பை நான்கு வருஷம் இயக்கியதில் தெரிந்துகொண்டதுதான். அதைச் சொல்கிறேன். கவிதைக்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தால் அது வாசகர் பாடு.

சேதராப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது. ஒரு பக்கம் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் வரப்பைத் தாண்டினால் வானூர் வட்டம், தமிழ்நாடு. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும் அவர்கள் விட்ட கோடு அப்படியே கிடக்கிறது. சவுக்குக்கு இந்தக் கோடு தெரியாது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் வந்த மரம் அது. வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் மெலிந்த மண்ணிலும் நிற்கும். நான்கைந்து வருஷத்தில் வெட்டு. பருத்தது காகித ஆலைக்கு, மெலிந்தது கட்டடச் சாரத்துக்கு.

முன்பெல்லாம் தோளில்தான் ஏற்றினார்கள். நான் சேர்ந்த களத்தில் ஆறு பேர் கொண்ட செட் ஒன்று இருந்ததாம். கிராப் வந்ததும் ஐந்து பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர் ஒரு பெரியவர். லாரி மேல் நின்று கட்டையை வரிசைப்படுத்துவது அவர் வேலை. என் சம்பளம் அந்த ஐந்து பேரின் கூலியிலிருந்து வந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

யந்திரம் எளிமையானது. எஞ்சின் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. லிவர் வால்வைத் திறந்து எண்ணெயை எந்த ஜாக்கிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. ஒரு லிவர் கைகளைத் தூக்கி இறக்க, ஒன்று சாய்க்க, ஒன்று தாடையைத் திறந்து மூட. புதிதாக வருகிறவன் லிவரை விளக்கு சுவிட்ச் போல நினைக்கிறான். உள்ளே இருக்கும் உருளையின் விளிம்பில் சிறு வெட்டுகள் உண்டு. லிவர் நகரும் முதல் அரை விரற்கடையில் அந்த வெட்டுகள் வழியாக எண்ணெய் நூல் போலக் கசியும். நாசூக்கான காரியம் அத்தனையும் அந்த அரை விரற்கடைக்குள்தான். அதற்கு மேல் போனால் வெறும் பலம்.

இரண்டாவது, எண்ணெய் எப்போதும் சுலபமான வழியில் போகும். தாடையை மூடிக்கொண்டே கைகளையும் தூக்கினால் பாரமில்லாத தாடைதான் முதலில் நகரும், கைகள் நிற்கும். தாடை கட்டையைக் கவ்வியதும் அழுத்தம் ஏறி, நின்றிருந்த கைகள் திடீரென்று துள்ளும். எனவே முதலில் பிடி, எஞ்சின் சத்தம் ஒரு பிடி தாழ்வதைக் கேள், பிறகு தூக்கு. மார்கழிக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். வெயில் ஏறினால் அதே லிவர் அதே அளவுக்கு வேறு மாதிரி பதில் சொல்லும். தொட்டியில் எண்ணெய் குறைந்து காற்று புகுந்தால் தாடை ஒரு கணம் தயங்கிப் பிறகு பாயும். நேற்றைய கை இன்றைக்கு உதவாது.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்பதைப் பாஸ்கல் 17-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். 1795-ல் ஜோசப் பிரமா அதைக் கொண்டு அழுத்து யந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். விரலின் பலம் பன்மடங்காகிக் கட்டைக்குப் போகிறது. ஆனால் கட்டையின் கனம் விரலுக்குத் திரும்பி வருவதில்லை. தோளில் சுமந்தவனுக்குக் கட்டை ஈரமா, காய்ந்ததா, எந்த முனை கனம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் அதைக் கண்ணாலும் காதாலும் ஊகிக்க வேண்டியிருந்தது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. தோப்பு தோப்பாக மரங்கள் படுத்துவிட்டன. களத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நான் வேலைக்கு வந்து இரண்டாவது மாதம். இறக்குவதுதான் கஷ்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. தூக்கும்போது எஞ்சின் உழைக்கிறது. இறக்கும்போது பாரமே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதைத் தடுத்துத் தடுத்துத்தான் விட வேண்டும். நான் வேகமாக இறக்கி, அதிகம் என்று பட்டதும் லிவரைச் சட்டென்று நடுவுக்குத் தள்ளினேன். கைகள் நின்றன. பாரம் நிற்கவில்லை. டிராக்டர் முன்பக்கம் தலை குனிந்து எழுந்தது. ஈரக் கட்டை ஒன்று தாடையிலிருந்து வழுக்கியது. லாரியின் பக்கப் பலகைக்கும் அதற்கும் நடுவே பெரியவரின் இடது கை.

ஒரு விரல் போயிற்று. கிராப்புக்குக் கீழே ஆள் நிற்கவே கூடாது என்பது விதி. களத்தில் எல்லோருக்கும் அது தெரிந்தும் இருந்தது. முதலாளி நேரம் சரியில்லை என்றார். என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வந்த அன்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, தூக்கும்போது கட்டையப் பாக்குற. எறக்கும்போது லாரியப் பாக்குற. நான் ஒருத்தன் நிக்கறன்ல, என்னப் பாரு."

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் லாரியை விட்டு இறங்கி, கிராப் எட்டாத இடத்தில், நான் பார்க்கும்படி நிற்பார். நான்கு விரல் உள்ள கையை உயர்த்துவார். அது உயரும்வரை லிவரைத் தொடமாட்டேன். கை தாழும் வேகத்தில் பாரம் தாழும். அவர் கை நின்றால் எண்ணெய் நிற்கும். கட்டை பலகையில் படும் சத்தமே கேட்காத நாட்கள் இருந்தன. அது என் திறமை என்று ஊரில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வெள்ளம் வடிந்தபின் அந்தக் களத்துக்குப் போனேன். பெரியவர் இல்லை, காலமாகி இரண்டு வருஷம் என்றார்கள். புதுப் பையன் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் லிவரைத் தொடுவதே தெரியவில்லை. ஈரக் கட்டைகள் குஞ்சைப் படுக்க வைப்பதுபோல் போய்ப் படுத்தன. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. யாரும் தேவைப்படவும் இல்லை. ஆள் நில்லாததால் விரல் போகவும் வழியில்லை. இது நல்லதுதான். சந்தேகமில்லாமல் நல்லது.

ஆனாலும் ஒவ்வொரு முறை அவன் பாரத்தை இறக்கத் தொடங்கும்போதும் லாரியின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு கை உயராமல் அவன் எப்படி இறக்குகிறான் என்று என் உடம்பு பதறிக்கொண்டிருந்தது.