பேலூர் தொலையவில்லை

2017 ஆகஸ்டில் வந்த 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' என்ற வீடியோ கேமில், குளோயி ஃப்ரேசர் என்ற பெண் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஜீப் ஓட்டிப் போகிறாள். காட்டுக்குள்ளே, கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சளர்களின் இடிந்த நகரம். மலையளவு சிலைகள், திரிசூலம், பரசு, வில் என்று ஆயுதத்துக்கு ஒரு கோட்டை. பேலூர், ஹளேபீடு என்ற நிஜ ஊர்களின் பெயர்களைக்கூட மாற்றவில்லை.

இதை ஆடி முடித்த கையோடு பெங்களூரிலிருந்து ஹாசன் வழியாக ஹளேபீடு போகிறவர் முதலில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். ஹொய்சளச் சிற்பியின் வித்தை உயரத்தில் இல்லை. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹொய்சளேசுவரர் கோயிலுக்கு இன்று மேலே விமானமே கிடையாது. குனிந்து பார்க்க வேண்டிய கோயில் அது. அடிவரிசையில் யானைகள், அதற்கு மேல் சிங்கங்கள், கொடிகள், குதிரைகள், இன்னும் மேலே ராமாயணமும் பாரதமும். வெட்டும்போது இளகியிருந்து காற்றுப்பட்டால் இறுகும் மாக்கல் என்பதால், ஆரம் மார்பை விட்டு விலகித் தொங்குவதுபோலக் குடைந்திருக்கிறார்கள். கேமின் ராட்சதச் சிலைகளில் இந்த நுணுக்கத்துக்கு இடமில்லை.

ஹளேபீடு அழிந்த கதையில் மர்மமும் இல்லை. 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படையெடுத்தான். பிறகு துக்ளக் படையும் வந்தது. ஹொய்சள மன்னன் மூன்றாம் பல்லாளன் திருவண்ணாமலையில் தங்கி ஆண்டான். பேலூர் தொலையவே இல்லை: 1117இல் பிரதிஷ்டையான சென்னகேசவருக்கு இன்றும் பூசை நடக்கிறது. 2023இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தமிழர்களான நமக்கு ஹொய்சளரோடு இன்னொரு கணக்கும் உண்டு. ஹொய்சள சோமேசுவரன் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்டவன். பெங்களூர் தோம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் ஹொய்சளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன; அவ்வூருக்கு அன்று தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரிலும் தமிழ் எழுத்து உண்டு. ஐடி கம்பெனிகளுக்கு நடுவே நிற்கிற கற்கள் இவை. சாலை அகலமாகும்போதும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் இப்படிப்பட்ட கற்கள் காணாமல் போவது இந்த நகரத்தில் வாடிக்கை.

1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு 2021 முதல் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறது. கேம் தயாரிப்பில் பழகிய நுட்பந்தான். இங்கே அது கற்பனைக் கோட்டை கட்டாமல், தேய்ந்த எழுத்தை வாசிக்க உதவுகிறது. கல்லே போனாலும் வாசகம் மிஞ்சும்.

கேமை ஆடுங்கள், நல்ல கேம்தான். அடுத்த ஞாயிறு இந்திராநகர் பக்கம் போனால் தோம்லூர் கோயிலுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். கல்வெட்டின் மேல் எண்ணெயோ சுண்ணாம்போ பூசுகிறவர் கண்ணில் பட்டால், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.